உஷார்! பழைய டொமைனோடு பழைய பாவமும் சேர்ந்தே வரும்

"பதினைந்து வருஷப் பழைய டொமைன் சார். டி.ஏ. 45. ஆயிரக்கணக்குல பேக்லிங்க் இருக்கு. எடுத்துப் போட்டீங்கன்னா மூணே மாசத்துல கூகுள்ல முதல் பக்கம்!"

இந்த ரீதியில் வாட்ஸ்அப்பிலோ மெயிலிலோ யாராவது ஆசை காட்டினால், பணத்தை அனுப்பிவிடாதீர்கள். காலாவதியான டொமைன் பெயரை வாங்கி, அதன் பழைய செல்வாக்கைக் கொண்டு தேடலில் மேலே ஏறுவது ஒரு காலத்தில் ஓரளவு பலித்த வித்தைதான். இன்று கூகுள் அதைத் தன் ஸ்பேம் விதிகளில் பெயர் சொல்லியே தடை செய்திருக்கிறது. பிடிபட்டால் கொடுத்த பணம் மட்டும் போகாது. அந்தப் பெயரோடு கோத்துவிட்ட உங்கள் சொந்த இணையதளமும் தேடலில் காணாமல் போகலாம்.

கடை, கிளினிக், டியூஷன் சென்டர், சிறு ஏற்றுமதி என்று புதிதாகத் தொழில் தொடங்கி, "கூகுளில் நம் பெயர் வரவில்லையே" என்று தவிப்பவர்கள்தான் இந்த விற்பனைக்கு இலக்கு. அவர்களுக்காகவே இந்த எச்சரிக்கை.

இந்த ஆசை எங்கிருந்து வந்தது?

1998-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்களான லாரி பேஜும் செர்கே பிரின்னும் கூகுளைத் தொடங்கியபோது, அதன் அடிப்படை யோசனை எளிமையானது. ஒரு பக்கத்துக்கு வேறு பக்கங்கள் கொடுக்கும் லிங்க்குகளை, அதாவது பேக்லிங்க்குகளை, பரிந்துரைகளாக எடுத்துக்கொள்வது. பரிந்துரைப்பவர் எவ்வளவு மதிப்புள்ளவரோ அந்த அளவுக்கு அந்தப் பரிந்துரைக்கும் கனம் கொடுப்பது. இதற்குப் பேஜ்ரேங்க் என்று பெயர்.

ஓட்டை இங்கேதான் இருந்தது. ஒரு பள்ளியோ தொண்டு நிறுவனமோ சிறு பத்திரிகையோ பல ஆண்டு உழைத்து நல்ல பெயர் எடுக்கிறது. நாளிதழ்களும் பல்கலைக்கழகங்களும் அதன் தளத்துக்கு லிங்க் கொடுக்கின்றன. ஒரு நாள் அந்த அமைப்பு மூடப்படுகிறது. டொமைனுக்கு ஆண்டுக் கட்டணம் கட்ட ஆளில்லை. தளம் மறைந்துவிடுகிறது. ஆனால் பிறர் கொடுத்த லிங்க்குகள் அங்கங்கே அப்படியே இருக்கின்றன. அந்தப் பெயரை அடுத்து யார் பதிவு செய்கிறாரோ, அத்தனை லிங்க்கும் அவர் வாசலுக்கு வந்து சேரும்.

அடுத்தவர் உழைத்துச் சம்பாதித்த மரியாதையைச் சில ஆயிரம் ரூபாயில் எடுத்துக்கொள்ளலாம் என்ற கணக்கு இப்படித்தான் பிறந்தது. இதை வைத்தே ஒரு சந்தை உருவானது. நூற்றுக்கணக்கில் செத்த டொமைன்களை வாங்கி, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு லிங்க் போட்டு, கடைசியில் வாடிக்கையாளர் தளத்துக்குத் தள்ளிவிடும் பி.பி.என். (பிரைவேட் பிளாக் நெட்வொர்க்) வலைப்பின்னல்கள் கிளம்பின.

கூகுள் பார்த்துக்கொண்டு சும்மா இருந்ததா?

இல்லை. 2003 இறுதியில் கூகுள் தாக்கல் செய்து 2005-இல் வெளியான ஒரு காப்புரிமை விண்ணப்பத்தைப் படித்தாலே இது விளங்கும். நெடுநாள் ஒரே பொருளைப் பற்றிப் பேசிவந்த பக்கம் திடீரென்று வேறு பொருளுக்குத் தாவினால், அது கைமாறி ஸ்பேம் வேலைக்குப் போய்விட்டதன் அடையாளமாக இருக்கலாம் என்று அதில் எழுதியிருக்கிறார்கள். இருபது ஆண்டுக்கு முன்பே யோசித்து வைத்த விஷயம் இது.

2012 ஏப்ரலில் பெங்குவின் அப்டேட் வந்தது. செயற்கையாக லிங்க் சேர்த்த தளங்கள் சரிந்தன. 2014-இல் பி.பி.என். வலைப்பின்னல்கள் பல தேடலிலிருந்தே தூக்கப்பட்டன. 2022 டிசம்பரில் ஸ்பேம்பிரெயின் என்ற செயற்கை நுண்ணறிவு முறையை லிங்க் ஸ்பேம் மீது திருப்பினார்கள். சந்தேகத்துக்குரிய லிங்க்குக்குத் தண்டனை கொடுப்பதற்குப் பதிலாக, அதன் மதிப்பையே பூஜ்யமாக்கிவிடுவது அந்த முறை.

2024 மார்ச் 5 அன்று வந்தது நேரடி அறிவிப்பு. காலாவதி டொமைன் துஷ்பிரயோகம் என்ற தனித் தலைப்பிலேயே கூகுள் ஒரு ஸ்பேம் விதியை வெளியிட்டது. காலாவதியான டொமைனை வாங்கி, படிப்பவருக்குப் பயனில்லாத சரக்கை அதில் ஏற்றி, தேடல் வரிசையை ஏமாற்றுவதையே முதன்மை நோக்கமாகக் கொண்டால் அது ஸ்பேம். கூகுளே தந்த உதாரணங்கள் மூன்று: முன்பு அரசுத் துறை ஒன்றின் தளமாக இருந்த பெயரில் கமிஷன் விற்பனைக் கட்டுரைகள், மருத்துவத் தொண்டு நிறுவனத்தின் பெயரில் வணிக மருந்துப் பொருள்கள், தொடக்கப் பள்ளியின் பெயரில் கேசினோ.

பழைய டொமைன் வாங்குவதே குற்றம் என்று அது சொல்லவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பழைய பெயரில் மக்களுக்கு உதவும் சொந்தத் தளம் ஒன்றைப் புதிதாகக் கட்டினால் ஆட்சேபணை இல்லை. நோக்கமும் சரக்கும்தான் கணக்கு.

வாங்கினால் என்ன ஆகும்?

நடக்கக்கூடியவை மூன்று. பலருக்கு எதுவுமே நடக்காது. பழைய லிங்க்குகளின் மதிப்பைக் கூகுள் ஒதுக்கிவிட்டிருக்கும். நீங்கள் வாங்கியது வெறும் பெயர். புதிதாக ஒன்றைப் பதிவு செய்திருந்தால் சில நூறு ரூபாயில் முடிந்திருக்கும்.

சிலருக்குக் கொஞ்ச காலம் பலிக்கும். இதுதான் மிக ஆபத்தானது. விற்பவர் காட்டும் ஸ்கிரீன்ஷாட் இந்தக் கொஞ்ச காலத்தில் எடுத்தது. வரைபடம் செங்குத்தாக ஏறுவதைக் காட்டுவார். அதற்கு அடுத்த மாதங்களைக் காட்டமாட்டார். அதை நம்பி ஆள் வைத்து, விளம்பரம் போட்டு, சரக்கும் எடுத்துவிட்ட பிறகு ஒரு அப்டேட்டில் எல்லாம் தரைமட்டமாகும்.

மூன்றாவது, மேனுவல் ஆக்‌ஷன். கூகுள் ஊழியரே பார்த்து விதிக்கும் தண்டனை. இது, தள உரிமையாளர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோலில் அறிவிப்பாக வரும். சரிசெய்து மறுபரிசீலனைக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் தானியங்கி முறை உங்களைக் கீழே தள்ளினால் அறிவிப்பு எதுவும் வராது. ஏன் விழுந்தோம் என்று தெரியாமலே மாதங்கள் கழியும்.

"டொமைனில் தளம் எதுவும் வைக்க வேண்டாம், உங்கள் தளத்துக்கு ரீடைரக்ட் போட்டால் போதும்" என்றும் சொல்வார்கள். பழைய பக்கங்கள் எல்லாவற்றையும் சம்பந்தமே இல்லாத ஒரு முகப்புப் பக்கத்துக்குத் திருப்பினால், கூகுள் அவற்றை 'பக்கம் இல்லை' என்றே கணக்கில் எடுத்துக்கொள்ளும். லாபம் பூஜ்யம். அந்தப் பெயரில் ஏதாவது அழுக்கு இருந்தால், அது நேராக உங்கள் வீட்டுக்கு வந்து சேரும்.

டி.ஏ., டி.ஆர்.: இந்த எண்கள் யாருடையவை?

டி.ஏ. என்பது மாஸ் என்ற தனியார் நிறுவனம் தரும் மதிப்பெண். டி.ஆர். என்பது ஏரெஃப்ஸ் தருவது. ட்ரஸ்ட் ஃப்ளோ மெஜஸ்டிக் தருவது. மூன்றுமே நூற்றுக்கு இத்தனை என்று வரும். மூன்றுமே கூகுளுடையவை அல்ல. டி.ஏ.வை நாங்கள் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் தரப்பில் பலமுறை சொல்லியாகிவிட்டது. டொமைனின் வயதும் தரவரிசைக்கு உதவாது என்று 2019-இலேயே கூகுளின் ஜான் முல்லர் தெளிவுபடுத்தினார்.

2024 மே மாதம் கூகுளின் உள் ஆவணங்கள் சில கசிந்தபோது, அவற்றில் தளத்தின் செல்வாக்கைக் குறிக்கும் ஒரு புலம் இருந்தது உண்மைதான். அதைக் காட்டி, "பார்த்தீர்களா, டி.ஏ. இருக்கிறது" என்று யாராவது வாதாடினால் நம்பாதீர்கள். கூகுளின் உள் அளவுகோல் எதுவும் மாஸ் நிறுவனத்தின் மதிப்பெண்ணாக ஆகிவிடாது.

அதைவிட முக்கியம், இந்த எண்களைச் செயற்கையாக ஏற்றிக்காட்ட முடியும். பெரிய தளங்களின் ரீடைரக்ட் முகவரிகள் வழியாகப் போலி லிங்க் உண்டாக்குவது, வலுவான இன்னொரு டொமைனைத் தற்காலிகமாக இதன்மேல் திருப்பிவிடுவது, காசுக்குக் கிடைக்கும் குப்பை லிங்க்குகளை அள்ளிப்போடுவது என்று வழிகள் பல. விற்று முடிந்ததும் ரீடைரக்டை எடுத்துவிட்டால் 45 என்று காட்டிய எண் மளமளவென்று இறங்கிவிடும்.

இன்னொன்றையும் யோசியுங்கள். ஒரு டாட்காம் பெயர் காலாவதியானால், பழைய உரிமையாளர் புதுப்பிக்கப் பதிவு நிறுவனம் 45 நாள் வரை அவகாசம் தரலாம். பிறகு கூடுதல் கட்டணத்தில் மீட்க 30 நாள். அதன் பிறகு 5 நாள் நீக்கத்துக்கான காத்திருப்பு. அதெல்லாம் முடிந்தால்தான் பெயர் பொதுவில் விழும். நல்ல பெயர்கள் அதுவரை தங்குவதே அபூர்வம். பதிவு நிறுவனங்களே அவற்றை ஏலத்துக்கு விட்டுவிடும். தப்பி விழுபவற்றைப் பிடிக்க, விழும் நொடியிலேயே பதிவு செய்யும் மென்பொருளோடு டிராப்கேட்ச் நிறுவனங்கள் காத்திருக்கின்றன. தொழிலாகவே இதைச் செய்பவர்கள் சலித்து எடுத்த பிறகு மிஞ்சுவதுதான் முன்பின் தெரியாத உங்களைத் தேடி வருகிறது. நல்ல சரக்கு வாட்ஸ்அப் வரை வராது.

இரண்டு பெயர்கள், இரண்டு கேவலங்கள்

அமெரிக்காவில் 'தி ஹேர்பின்' என்று பெண்களுக்கான தளம் ஒன்று இருந்தது. 2010-இல் தொடங்கி, கூர்மையான எழுத்துக்குப் பேர் வாங்கி, 2018-இல் மூடப்பட்டது. பின்னர் அதன் டொமைனை ஐரோப்பாவிலிருந்து ஒருவர் வாங்கி, செயற்கை நுண்ணறிவு எழுதிய கட்டுரைகளால் நிரப்பினார். பழைய கட்டுரைகள் சிலவற்றை வைத்துக்கொண்டு, எழுதிய பெண்களின் பெயர்களை அடித்துவிட்டு, இல்லாத ஆண்களின் பெயர்களைப் போட்டிருந்தார்கள். 2024 ஜனவரியில் வயர்டு இதழ் இதை வெளிச்சம் போட்டுக் காட்டியது. கூகுளின் புதிய விதி வந்தது அதற்கு இரண்டு மாதம் கழித்து.

அதே 2024 ஜூலையில் இன்னொன்று. 'தி அன்அஃபிஷியல் ஆப்பிள் வெப்லாக்' என்ற செய்தித் தளம் 2015-லேயே மூடப்பட்டது. அதன் பெயரை மட்டும் விலைக்கு வாங்கியவர்கள், இயந்திரம் திருப்பி எழுதிய கட்டுரைகளைப் பழைய நிருபர்களின் பெயர்களிலேயே, போலிப் புகைப்படங்களோடு வெளியிட்டார்கள். இத்தனை ஆண்டு கழித்துத் தன் பெயரில் தான் எழுதாத கட்டுரை வருவதைப் பார்த்த முன்னாள் ஊழியர் ஒருவர் பகிரங்கமாகக் கேள்வி எழுப்பியதும், பெயர்களை மாற்றினார்கள். அந்த மானக்கேடு உலகச் செய்தியானது.

டொமைனை வாங்கினால் உங்களுக்கு வருவது முகவரி மட்டுமே. அதில் முன்பு இருந்த கட்டுரைகளும் படங்களும் லோகோவும் உங்களுக்குச் சொந்தமில்லை. இணையப் பக்கங்களின் பழைய பிரதிகளைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினிலிருந்து பழைய பக்கங்களை அப்படியே இறக்கித் தளத்தை 'உயிர்ப்பித்துத் தருகிறோம்' என்று யாராவது சொன்னால், அது பதிப்புரிமை மீறலுக்கான அழைப்பு.

சட்டமும் சும்மா விடாது

பழைய பெயர் யாருடைய வர்த்தக முத்திரையாவது இருந்தால், டொமைன் தகராறுகளுக்காக 1999 முதல் நடைமுறையில் இருக்கும் யு.டி.ஆர்.பி. விதியின்படி அவர் புகார் கொடுக்கலாம். டாட் இன் பெயர்களுக்கு, அவற்றை நிர்வகிக்கும் நிக்ஸி அமைப்பின் தனி விதி இருக்கிறது. கெட்ட நோக்கத்தோடு பதிவு செய்து பயன்படுத்தினீர்கள் என்று நிரூபணமானால் பெயர் பறிபோகும். நீங்கள் கொடுத்த விலையை யாரும் திருப்பித் தரமாட்டார்கள்.

பழைய நிறுவனமே தொடர்வதுபோல் நடித்துப் பணம் பெற்றால் அது வேறு ரகம். கணினி வழி ஆள்மாறாட்ட மோசடிக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவில் மூன்றாண்டு வரை சிறை உண்டு.

"டொமைன் உங்களிடமே இருக்கட்டும், கேசினோ கட்டுரை மட்டும் போட்டுக்கொள்கிறோம், மாதம் இவ்வளவு தருகிறோம்" என்பவர்களிடம் இரட்டிப்பு உஷார். தமிழ்நாட்டில் ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் 2023-இல் ஆளுநரின் ஒப்புதல் பெற்றது. பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டத்தை நாடாளுமன்றமும் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றியது. விளையாட்டை நடத்துவது மட்டுமல்ல, அதற்கு விளம்பரம் செய்வதும் குற்றம்.

வில்லங்கம் பார்க்காமல் வாங்காதீர்கள்

அரை கிரவுண்டு மனை வாங்கினாலும் முப்பது வருஷத்துக்கு வில்லங்கச் சான்றிதழ் எடுத்துப் பார்க்கும் ஊர் இது. டொமைனுக்கும் அதே நிதானம் வேண்டும். பெயர் பிடித்திருக்கிறது, உங்கள் தொழிலுக்கும் பொருந்துகிறது, நேர்மையாகத் தளம் கட்டப் போகிறீர்கள் என்றால் வாங்கலாம். ஆனால் முன்கூட்டி இவற்றைப் பாருங்கள்:

- வேபேக் மெஷினில் அந்தப் பெயரைப் போட்டு ஆண்டு வாரியாகப் பக்கங்களைத் திறந்து பாருங்கள். பள்ளித் தளம் நடுவில் ஜப்பானிய மொழிக் கடையாகவோ இந்தோனேசிய ஸ்லாட் சூதாட்டமாகவோ மாறியிருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். உங்களுக்கு முன்பே யாரோ அதைப் பிழிந்துவிட்டார்கள்.
- பதிவுத் தேதியைச் சரிபாருங்கள். ஒருமுறை விழுந்து மறுபடி பதிவானால் புதுத் தேதிதான் இருக்கும். "பதினைந்து வருஷம்" என்ற பேச்சு அங்கேயே அம்பலமாகும்.
- பேக்லிங்க் எண்ணிக்கையை விட்டுவிட்டு, எந்தச் சொற்களின்மேல் லிங்க் இருக்கிறது என்று படியுங்கள். நிறுவனத்தின் பெயர் இருந்தால் இயல்பு. மருந்து, கடன், சூதாட்டம், ஆபாசம் என்று வரிசையாக வந்தால் அது பழைய பாவம்.
- ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் தளம் என்றால், சர்ச் கன்சோலில் மேனுவல் ஆக்‌ஷன் பக்கத்தை விற்பவர் நேரலையில் திறந்து காட்ட வேண்டும். ஸ்கிரீன்ஷாட் செல்லாது.
- ஸ்பேம் டொமைன்களைத் தொகுக்கும் ஸ்பேம்ஹாஸ் பட்டியலிலும் கூகுளின் சேஃப் பிரௌசிங் சோதனையிலும் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நீங்கள் அனுப்பும் மெயில் வாடிக்கையாளரின் ஸ்பேம் பெட்டிக்குத்தான் போகும். கூகுளின் விளம்பரச் சேவையான ஆட்சென்ஸில் முன்பே தடை வாங்கிய டொமைனாகவும் இருக்கலாம்.
- யாருடைய வர்த்தக முத்திரையாவது அந்தப் பெயரில் பதிவாகியிருக்கிறதா என்று தேடுங்கள்.
- ஏலத்தில் எடுத்தாலும், அவகாசக் காலம் முடியும்வரை பழைய உரிமையாளர் புதுப்பித்துக்கொள்ளலாம் என்பதை மறக்காதீர்கள். பெயர் கைக்கு வரும் முன் போர்டு அடிக்காதீர்கள்.

எதிர்ப்பக்கம் இன்னும் பயங்கரம்

இதுவரை சொன்னது வாங்குபவருக்கு. இந்தச் சந்தைக்குச் சரக்கு எங்கிருந்து வருகிறது? புதுப்பிக்க மறந்த நம்மிடமிருந்துதான். அறக்கட்டளை, முன்னாள் மாணவர் சங்கம், மூடிய கிளை, பழைய பெயரில் இருந்த கம்பெனி என்று கைவிடப்படும் ஒவ்வொரு பெயருக்கும் யாரோ காத்திருக்கிறார்கள்.

போவது பெயர் மட்டுமல்ல, மெயிலும்தான். பெல்ஜியத்தில் ஒரு பாதுகாப்பு ஆராய்ச்சியாளர், அரசு சார்ந்த சமூகநல, நீதித்துறை அமைப்புகள் கைவிட்ட நூற்றுக்கும் மேற்பட்ட டொமைன்களைச் சொற்ப விலைக்கு வாங்கினார். அந்த முகவரிகளுக்குப் பிறர் தொடர்ந்து அனுப்பிய மெயில்கள் அவருக்கு வந்தன. பழைய ஊழியர்களின் கணக்குகளுக்கு 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' கொடுத்தால் மீட்பு லிங்க்கும் அவரிடமே வரும் நிலை. அவர் ஓட்டையைச் சுட்டிக்காட்டுவதற்காகச் செய்தார். எல்லோரும் அப்படி இருக்கமாட்டார்கள்.

மைக்ரோசாஃப்டே மறந்திருக்கிறது. 1999 கிறிஸ்துமஸ் சமயத்தில், ஹாட்மெயில் நுழைவுக்குப் பயன்பட்ட பாஸ்போர்ட் டாட்காம் டொமைனுக்குக் கட்டணம் கட்டாததால் ஹாட்மெயில் பயனாளர்கள் பலர் உள்ளே நுழைய முடியாமல் தவித்தார்கள். சம்பந்தமே இல்லாத ஒரு லினக்ஸ் புரோகிராமர் தன் கார்டிலிருந்து 35 டாலர் கட்டிச் சரிசெய்தார். உங்கள் டொமைனுக்கு அப்படி ஒரு நல்லவர் கிடைப்பார் என்று நம்பிக்கொண்டிருக்க முடியாது.

ஆகவே ஆட்டோ ரினியூவலைப் போட்டு வையுங்கள். கார்டு மாறினால் அங்கேயும் மாற்றுங்கள். டொமைன் உங்கள் பெயரில், உங்கள் மெயிலில் இருக்க வேண்டும். தளம் செய்து கொடுத்த பையனின் கணக்கில் இருக்கக் கூடாது. மிக முக்கியமான ஒன்று: பதிவுக்குக் கொடுக்கும் மெயில் அதே டொமைனைச் சேர்ந்ததாக இருக்கக் கூடாது. டொமைன் போனால் எச்சரிக்கை மெயிலும் வராது. காலாவதிக்குச் சுமார் ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும் நினைவூட்டல் அனுப்ப வேண்டும் என்று டாட்காம் போன்ற பெயர்களின் பதிவு நிறுவனங்களுக்கு, டொமைன் பெயர்களை ஒருங்கிணைக்கும் ஐகேன் அமைப்பின் விதி இருக்கிறது. அது போய்ச் சேரும் பெட்டியை நீங்கள் திறந்து பார்த்தால்தான் பயன். பெயரை மாற்றிக்கொண்டாலும் பழையதைச் சில ஆண்டுகளாவது விடாமல் வைத்திருங்கள். பழைய டொமைனின் மெயிலோடு இணைத்த வங்கி, வரி, சமூக ஊடகக் கணக்குகள் அத்தனையையும் புது முகவரிக்கு மாற்றிய பிறகே விடுவதைப் பற்றி யோசியுங்கள்.

அப்படியானால் மேலே வர என்ன வழி?

குறுக்கு வழிக்கு வைத்திருந்த பணத்தை நேர்வழியில் செலவழியுங்கள். உங்கள் கடைக்குக் கூகுள் பிசினஸ் ப்ரொஃபைலைச் சரியாக நிரப்புங்கள். படம், நேரம், கைபேசி எண் எல்லாம் உண்மையாக இருக்கட்டும். வாடிக்கையாளர்கள் வாய்விட்டுக் கேட்கும் கேள்விகளுக்குத் தமிழிலேயே தெளிவாகப் பதில் எழுதிப் போடுங்கள். தளம் மலிவு விலை போனிலும் சட்டென்று திறக்கட்டும். உங்கள் ஊர் சங்கமோ, சப்ளையரோ, உள்ளூர் பத்திரிகையோ மனமொப்பித் தரும் ஒரு லிங்க், செத்த டொமைனின் ஆயிரம் லிங்க்கைவிட நெடுநாள் நிற்கும். இதற்கு மாதங்கள் ஆகும். மூன்றே மாதத்தில் முதல் பக்கம் என்று உத்தரவாதம் தர யாராலும் முடியாது. தருகிறேன் என்று சொல்பவரிடம் எழுதி வாங்கிப் பாருங்கள், ஆளையே காணாது.

இப்போது ஒரு கேள்வி: உங்கள் டொமைன் எந்தத் தேதியில் காலாவதியாகிறது, அது யார் பெயரில் இருக்கிறது? உடனே பதில் சொல்ல முடியவில்லை என்றால், அடுத்தவர் விட்ட பெயரை வாங்குவதெல்லாம் அப்புறம். முதலில் உங்கள் பெயரைக் காப்பாற்றுங்கள்.